இருளிற் பணிசெய்த பாட்டன்மார்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முன்னோரைப் போற்றுதல் என்னும் பொருள்பற்றிச் சில சொற்கள் பேசுமாறு நமது சங்கக் காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். இல்வாழ்வான் ஓம்பவேண்டியவருள் தென்புலத்தாரை முதற்கண் வைத்தவர் வள்ளுவர். ஆதலின் இக்கடமை நமக்குப் புதிதன்று. ஆயின், போற்றுமிடத்து நாம் பாட்டனாரைப் போற்றுகின்றோமா, அவரைப்பற்றிய கதையைப் போற்றுகின்றோமா என்பதே என் வினா. இதனை விளக்க இரண்டாம் உலக யுத்தத்தில் இராப்போர் விமானப் படைகளிற் பணியாற்றிய ஆங்கிலேயர் சிலரை எடுத்துக்கொள்கின்றேன். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அவர்தம் பதக்கங்களையும் பறப்புக் குறிப்பேடுகளையும் பேணி வருகின்றனர்.

அயல்நாட்டுச் செய்தி எதற்கு எனின், அதிலே நானே ஒருமுறை பிழைபட்டேன். ஜான் கன்னிங்ஹாம் என்னும் விமானி காரட் கிழங்கை மிகுதியாக உண்டமையால் பூனைபோல் இருளிற் கண்டு பகைவிமானங்களை வீழ்த்தினார் என்று வகுப்பில் மாணவர்க்குக் கூறினேன். கடைசி வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அவருக்கே கண் தெரியுமாயின், விமானத்தில் இரண்டாம் ஆள் எதற்கு?" என்றான். எனக்கு விடை தெரியவில்லை. பின்பு தேடிக் கற்றதையே ஈண்டுச் சொல்லுகின்றேன்.

1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை ஜெர்மானியர் பிரிட்டிஷ் நகரங்களின்மீது இரவுதோறும் குண்டு பொழிந்தனர். நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட குடிமக்கள் மாண்டனர். பகலில் வென்ற விமானிகள் இரவிற் செய்வதறியாது திகைத்தனர். 1940 நவம்பர் 14-ஆம் நாள் இரவு கவென்ட்ரி நகரம் எரிந்தபோது, காவலுக்குப் பறந்த இராப்போர் விமானங்களால் ஒரு பகைவிமானத்தையேனும் வீழ்த்த இயலவில்லை. கண் இருந்தும் காணவில்லை. அதுவே அவர்தம் துயரம்.

அத்துயரைத் தீர்த்தது ரேடார் என்னும் கருவி. விமானத்திலிருந்து செல்லும் வானொலி அலை எதிரே உள்ள பொருளின்மேற் பட்டு மீளும். மீண்ட அலை சிறு கண்ணாடித் திரைகளில் ஒளிக்கோடாகத் தோன்றும். ஒரு திரை பகைவன் இடமா வலமா என்றும், மற்றொன்று மேலா கீழா என்றும் காட்டும். பத்தாயிரம் அடி உயரத்திற் பறந்தால் ஏறக்குறையப் பத்தாயிரம் அடித் தொலைவுக்கு அப்பால் ஒன்றும் தோன்றாது. தரையிலிருந்து மீளும் அலை ஏனையவற்றை மறைத்துவிடும். இக்கருவியைப் பார்ப்பவர் பியூபைட்டர் விமானத்திற் பின்புறத்தே அமர்ந்து, வானத்தைக் காணாது, திரையையே நோக்கி, "இடப்பக்கம் திரும்புக, சற்றே மேலே, வேகத்தைக் குறைக்க" என்று விமானிக்கு ஓயாது சொல்லிக்கொண்டிருப்பார். முற்பட்ட பியூபைட்டர்களில் பீரங்கிகளின் குண்டுப் பெட்டிகளை இருளில் மாற்றும் வேலையும் அவருடையதே. சில நூறு கஜம் நெருங்கிய பின்னரே விமானி தம் கண்ணாற் கண்டு, பகை விமானந்தான் எனத் தெளிந்து, சுடுவார்.

604-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த கன்னிங்ஹாம் யுத்தம் முடிவதற்குள் வீழ்த்திய விமானங்கள் இருபது; அவற்றுட் பத்தொன்பது இரவில் வீழ்ந்தவை. அவ்வெற்றிகளுட் பெரும்பாலனவற்றில் அவர்பின் அமர்ந்திருந்தவர் ஜிம்மி ரான்ஸ்லி. நிலத்திலிருந்து பகைவன் போக்கை ரேடாரால் அறிந்து வழிகாட்டியவர் பலர். அவர்களுட் பெண்களும் இருந்தனர். விமானத்தைப் பழுது பார்த்தவரும், கருவியைச் செப்பனிட்டவரும், குண்டு நிரப்பியவரும் உண்டு. ரேடார் இரகசியமாக இருந்தமையால் இவர்களைப்பற்றி ஒருவரும் பேசவில்லை. பத்திரிகைகள் 'பூனைக்கண் கன்னிங்ஹாம்' என்று எழுதின. காரட் கதை பரவியது. ஒருவர் கண்ணுக்குப் புகழ் சேர்த்த அக்கதை, பலருடைய உழைப்பை மறைத்தது. இரகசியம் காத்துப் பழகிய அம்மனிதருட் பலர் யுத்தம் முடிந்தபின்னும் வீட்டில் வாய் திறந்திலர்.

நம் நாட்டுக்கும் இதில் தொடர்புண்டு. 1942 டிசம்பரில் ஜப்பானியர் கல்கத்தாவின்மீது குண்டு வீசினர். மக்கள் திரள்திரளாக நகரை விட்டு ஓடினர். 1943 ஜனவரியில் டம்டம் நிலையத்துக்கு 176-ஆம் இராப்போர்ப் படை வந்தது. அம்மாதம் 15-ஆம் நாள் இரவு பிரிங் என்னும் விமானி சில நிமிடங்களுள் மூன்று குண்டு விமானங்களை வீழ்த்தினார். அங்கும் பின்புறத்தே ஒருவர் அமர்ந்து திரையை நோக்கியிருந்தார். புகழ் முன்னிருந்தவர்க்கே சென்றது.

இப்பொழுது அவர்களுடைய பேரன் குறிப்பேட்டைத் திறக்கின்றான். தேதி, விமானம், விமானி பெயர், பறந்த நேரம், 'ரோந்து; ஒன்றும் காணவில்லை' என்ற ஒரு வரி; பக்கந்தோறும் இதுவே. வெற்றியைத் தேடும் பேரன் ஏமாற்றமடைவான். ஆயின், பனியிலும் முகிலிலும் இறங்கும் வழி தெரியாது தோழர் பலர் மாண்ட காலத்தில், மறுநாளும் அவர் ஏறினார் என்பதன்றோ அவ்வரியின் பொருள்! அதனைப் பெரிதாக்கிக் கூற வேண்டுவதில்லை. வீழ்ந்த விமானத்திலும் தாய் பெற்ற இளைஞர் இருந்தனர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. உள்ளதை உள்ளவாறு அறிந்து வணங்குதலே பாட்டனார்க்குச் செய்யும் மரியாதை. கதையால் அலங்கரிக்கின், வணக்கம் கதைக்கே சென்று சேரும்.

சகோதரர்களே! நம் இல்லங்களிலும் முன்வரிசையில் நில்லாது உழைத்த முதியோர் உளர். அவர்களை நாம் விழாமேடையில் 'தியாகி', 'வீரர்' எனப் புகழ்கின்றோம்; அவர்கள் செய்த தொழில் யாது என ஒருநாளும் கேட்டோமில்லை. என் தந்தைவழிப் பாட்டனார் இருந்த காலத்தில் நானும் கேட்டேனில்லை. இன்று கேட்க அவர் இல்லை. மாணவர்களே! இந்த விடுமுறையில் உங்கள் தாத்தாவின் அருகிலோ பாட்டியின் அருகிலோ ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, "நீங்கள் செய்த வேலை என்ன? உடனிருந்தவர் யார்?" என்னும் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றும் கூட்டாதீர்கள்.

என் வகுப்புச் சிறுவனுக்கு மறுவாரமே விடை கூறி, என் பிழையையும் ஒப்புக்கொண்டேன். இரண்டாம் ஆளைப்பற்றி எனக்கு முதலிற் கற்பித்தவன் அவனே. அவனுக்கு நன்றி கூறி இவ்வளவில் அமைகின்றேன்.