பாட்டி முகத்தில் வெளிச்சம்



பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நல்ல வெயில். செல்போனை எடுத்து ஒரு படம் எடுக்கிறீர்கள். ஜன்னல் பளிச்சென்று விழுந்திருக்கிறது. பாட்டி முகம் மட்டும் கரிச்சட்டி மாதிரி இருக்கிறது. உடனே போன் மேல் பழி! புதுசு வாங்கணும் என்று வீட்டில் பேச்சு வந்துவிடும். வாங்க வேண்டாம்.

நம் கண் வெயிலையும் பார்த்துக்கொள்ளும், நிழலையும் பார்த்துக்கொள்ளும். கேமராவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. ஜன்னலின் வெளிச்சத்தைப் பார்த்ததும், மொத்தப் படத்துக்கும் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அதில்தான் முகம் இருட்டாகிறது.

அதனால் பாட்டியைக் கொஞ்சம் திருப்பி உட்கார வையுங்கள். வெளிச்சம் முதுகில் விழக் கூடாது. முகத்தில் விழவேண்டும். பக்கவாட்டில் விழுந்தால் இன்னும் அழகு. கன்னத்துச் சுருக்கம்கூடத் தெளிவாகத் தெரியும். அது பாட்டிக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம்!

திரும்ப மாட்டேன் என்கிறாரா? சரி. திரையில் அவர் முகத்தின் மேல் விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். கேமரா இப்போது முகத்துக்குத் தக்கபடி வெளிச்சத்தைக் கூட்டும். பல போன்களில் பக்கத்திலேயே ஒரு குட்டிச் சூரியன் வரும். அதை மெதுவாக மேலே தள்ளினால் இன்னும் கூடும். ஜன்னல் வெளுத்துப்போகும். போகட்டும், நமக்கு வேண்டியது பாட்டி முகம்தானே.

பிளாஷ் மட்டும் வேண்டாம். கிட்டத்தில் அடித்தால் மூக்கும் நெற்றியும்தான் மின்னும்.