விமான நிலையச் சோதனை: எல்லாருக்கும் ஒன்றா, சிலருக்கு வேறா?



விமான நிலையத்தில் காலணியைக் கழற்று, இடைவாரைக் கழற்று, கைகளை உயர்த்து என்கிறார்கள். வீட்டில் ஆசையாகப் போட்டு எடுத்து வந்த ஊறுகாய்ப் புட்டியைக் குப்பைத் தொட்டியில் போடச் சொல்கிறார்கள். இத்தனை தொல்லைக்கும் ஈடான பயன் உண்டா என்பதுதான் இன்றைய தலைப்பு. இதற்கு விடை தேடுவோர் பெரும்பாலும் நேராக நியூயார்க்குக்குப் போய்விடுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஜொகூரிலேயே தொடங்கலாம்.

1977 டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை மாலை. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மாஸ் விமானத்தில் 93 பயணிகளும் 7 பணியாளர்களும் இருந்தனர். ஒரு மணி நேரம்கூட ஆகாத உள்நாட்டுப் பயணம். சுபாங்கில் தரையிறங்க வேண்டிய வேளையில், விமானத்துக்குள் கடத்தல்காரர் இருப்பதாக விமானி தெரிவித்தார். விமானம் சிங்கப்பூரை நோக்கித் திரும்பியது. ஆனால் போய்ச் சேரவில்லை. ஜொகூர், தஞ்சோங் கூப்பாங் சதுப்பு நிலத்தில் விழுந்து நொறுங்கியது. 100 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. மலேசியாவின் வேளாண்மை அமைச்சரும் அதில் இருந்தார். கடத்தியவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்பது இன்றுவரை முடிவாகத் தெரியாது. துப்பாக்கி வெடித்த ஓசை மட்டும் விமானி அறைக் குரல்பதிவில் இருந்தது. அடையாளம் காண முடியாத உடல் பகுதிகளை ஒன்றாக அடக்கம் செய்த நினைவிடம் ஜொகூர் பாருவில் இருக்கிறது. "சோதனையே வேண்டாம்" என்று வாதிடுவோர் ஒருமுறை அங்கே போய் வரலாம்.

ஆக, ஆயுதத்தோடு யாரும் ஏறக்கூடாது என்பதில் விவாதம் தேவையில்லை. அதற்குப் பலன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. 1968 முதல் 1972 வரையிலான ஐந்து ஆண்டுகளில் அமெரிக்காவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட கடத்தல் சம்பவங்கள் நடந்தன. பயணிகளைச் சோதித்தால் வியாபாரம் கெடும் என்று விமான நிறுவனங்கள் தயங்கின. 1972 நவம்பரில் மூவர் ஒரு விமானத்தைக் கடத்தி, ஓக் ரிட்ஜ் அணு உலை மீது மோதப்போவதாக மிரட்டினர். அத்தோடு தயக்கம் போயிற்று. 1973 ஜனவரி 5 முதல் எல்லாப் பயணிகளும், எல்லாக் கைப்பைகளும் சோதிக்கப்பட்டன. கடத்தல்கள் மளமளவென்று குறைந்தன. உலோகம் கண்டறியும் வாயிலும் எக்ஸ்ரே கருவியும் அமைச்சரையும் கூலித் தொழிலாளியையும் ஒன்றாகவே பார்க்கின்றன. யாரையும் தொடுவதுமில்லை.

இன்னொரு விதியும் அப்படிப்பட்டதே. பெட்டியை ஒப்படைத்த பயணி ஏறாவிட்டால், பெட்டியை இறக்காமல் விமானம் புறப்படக் கூடாது. விமானத்தில் அரை மணி நேரம் காத்திருக்கும்போது எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் இந்த விதிக்குப் பின்னால் எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 1984 ஆகஸ்ட் 2 அன்று சென்னை மீனம்பாக்கத்தில், கொழும்பு விமானத்துக்காக ஒப்படைக்கப்பட்ட பெட்டிகள் வெடித்து 30 பேருக்கு மேல் மாண்டனர். பெட்டிகளை ஒப்படைத்தவர் விமானத்தில் ஏறவில்லை. மறு ஆண்டு 1985 ஜூன் 23 அன்று, ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் கடலுக்கு மேல் வெடித்தது. இறந்தவர்கள் 329 பேர். வான்கூவரில் ஒருவர் பெட்டியைச் சேர்த்துவிட்டு ஏறாமல் போய்விட்டார். டொரோண்டோவில் அன்று எக்ஸ்ரே கருவி பழுதாகி, கையடக்கக் கருவியால் பெட்டிகளைப் பார்த்து அனுப்பினார்கள். 1988-இல் லாக்கர்பியில் மேலும் 270 பேர். ஒரே பாடத்தை மூன்று முறை படித்தார்கள்.

இதுவரை சொன்னவை பெட்டிகளைப் பற்றியவை. சிக்கல், சோதனை மனித உடல் மீது இறங்கும்போதுதான் தொடங்குகிறது.

2001 டிசம்பரில் ஒருவர் காலணிக்குள் வெடிமருந்தோடு பாரிசிலிருந்து மயாமிக்குப் பறந்தார். அதற்கு முதல் நாளே பிரெஞ்சு அதிகாரிகள் சந்தேகப்பட்டு அவரை நிறுத்தி விசாரித்தனர், பிறகு விட்டுவிட்டனர். விமானத்துக்குள் அவரை மடக்கிப் பிடித்தவர்கள் பணிப்பெண்களும் பயணிகளும்தான். பிறகு அமெரிக்காவில் எல்லாரும் காலணியைக் கழற்றினார்கள். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிமருந்துத் திட்டம் அம்பலமானது. அதைக் கண்டுபிடித்தது போலீசின் கண்காணிப்பு. விமான நிலையக் கருவி அல்ல. பிறகு 100 மில்லிலிட்டர் விதி வந்தது. 2007-இல் சாங்கிக்கும் கேஎல்ஐஏவுக்கும் வந்து சேர்ந்தது. 2009 கிறிஸ்துமஸ் நாளில் ஒரு நைஜீரிய இளைஞர் உள்ளாடைக்குள் வெடிமருந்தை மறைத்து டெட்ராய்ட் போனார். அவருடைய தந்தையே அதற்கு முந்தைய மாதம் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய் மகனைப் பற்றி எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கையைக் கவனித்திருந்தால் போதும். ஆனால் அதற்குப் பரிகாரமாக, ஆடைக்குள் ஊடுருவிப் பார்க்கும் கருவிகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். அவற்றில் ஒரு வகை, உடலை ஏறக்குறைய அப்படியே படம் பிடித்தது. மறைத்துக் காட்டும் மென்பொருளை உருவாக்க முடியாததால் 2013-இல் அந்த வகையை அகற்றிவிட்டார்கள். அதற்குள் எத்தனை பேர் அதன் முன் கையைத் தூக்கி நின்றிருப்பார்கள்!

இந்த மூன்று சதிகளையும் உடைத்தது விழிப்பான மனிதர்களும், முறையான துப்பறிதலும், அல்லது வெடிமருந்து சரியாக வேலை செய்யாததும்தான். கருவியும் தடவிப் பார்த்தலும் எவ்வளவு நம்பகமானவை? 2015-இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே தன் ஆட்களை மாறுவேடத்தில் அனுப்பியது. 70 சோதனைகளில் 67-இல் போலி ஆயுதங்களும் வெடிப்பொருள்களும் பிடிபடாமல் போயின என்று செய்தி வெளியானது. அத்துறையின் சோதனைப் பிரிவுத் தற்காலிகத் தலைவர் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே பிரிவு 2024-இல் மட்டும் கைப்பைகளிலிருந்து 6,678 துப்பாக்கிகளைப் பிடித்தது. பெரும்பாலானவை குண்டு நிரப்பியவை. ஆனால் அவை எக்ஸ்ரே கருவியில் பையை வைத்ததும் அகப்பட்டவை.

சரி, எல்லாரையும் ஏன் தொல்லைப்படுத்த வேண்டும், சந்தேகப்படும்படி இருப்பவர்களை மட்டும் சோதித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சந்தேகப்படும்படி என்றால் எப்படி? 1986 ஏப்ரலில் லண்டன் ஹீத்ரோவில் இஸ்ரேலிய விமானத்தில் ஏற வந்த ஒருவரின் பையில், அடியில் மறைத்த வெடிகுண்டு கிடைத்தது. விமான நிலையத்தின் எக்ஸ்ரே அதைக் காணாமல் விட்டிருந்தது. விமான நிறுவனத்தின் காவலர் பொறுமையாகக் கேள்வி கேட்டுப் பையின் எடையைக் கவனித்ததால் பிடிபட்டது. பையைக் கொண்டுவந்தவர் ஒரு கர்ப்பிணி, அயர்லாந்துக்காரர். காதலன் வைத்துக் கொடுத்த பையில் என்ன இருந்தது என்பது அவருக்கே தெரியாது. முகத்தையும் உடையையும் பார்த்துப் பொறுக்கியிருந்தால், 375 பேரோடு அந்த விமானம் பறந்திருக்கும்.

ஆனால் பொறுக்கத்தான் செய்கிறார்கள். 2010 டிசம்பரில், அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர் மீரா சங்கர் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் உரையாற்றிவிட்டு விமானம் ஏற வந்தார். அவரைத் தனியே அழைத்துப் போய் உடலைத் தடவிச் சோதித்தார்கள். காரணம், அவர் சேலை கட்டியிருந்தார். தளர்வான உடை என்றால் சோதிக்கலாம் என்பது விதியாம். தனியறை கேட்டும், பலரும் பார்க்கும்படியான கண்ணாடித் தடுப்புக்குள் சோதனை நடந்தது என்று உடன் வந்தவர்கள் செய்தியாளர்களிடம் கூறினர். மாநில ஆளுநர் வருத்தம் தெரிவித்தார். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அமைச்சரோ, முறைப்படிதான் நடந்தது என்றார். அதற்கு முந்தைய மாதம் ஹூஸ்டனில், ஐநாவுக்கான இந்தியத் தூதரின் தலைப்பாகையைக் குறித்து இதே போன்ற பிரச்சினை எழுந்தது.

திருச்சிக்கும் சென்னைக்கும் போய்வரும் பெண்களுக்கு ஒன்று தெரியும். அங்கே திரும்பும்போது, திரை போட்ட சிறு அறைக்குள் பெண் காவலர் கையடக்கக் கருவியால் சோதிப்பார். சேலை கட்டியவர், சுடிதார் போட்டவர், ஜீன்ஸ் அணிந்தவர், வெள்ளைக்காரப் பெண் எல்லாரும் அந்தத் திரைக்குள் போய்த்தான் ஆக வேண்டும். 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட பிறகு, 2000-ஆம் ஆண்டு முதல் இந்திய விமான நிலையங்களின் பாதுகாப்பை மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை படிப்படியாக ஏற்றது. வரிசை நீளம், அலுப்பு எல்லாம் உண்டு. ஆனால் "என்னை மட்டும் ஏன்?" என்று யாரும் கூனிக் குறுகுவதில்லை. சொல்லப்போனால் மிசிசிப்பியில் நடந்ததைவிட அங்கே சோதனை கடுமை. அவமானம் குறைவு.

டாக்டர் அப்துல் கலாம் கதை பலருக்குத் தெரியும். 2009 ஏப்ரலில் டெல்லியில் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் ஊழியர்கள் அவரைச் சோதித்தார்கள். முன்னாள் அதிபருக்குச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. அவர் ஒன்றும் சொல்லாமல் ஒத்துழைத்தார். ஜூலையில் செய்தி வெளியானபோது இந்திய நாடாளுமன்றம் கொதித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011-இல் நியூயார்க்கிலும் மீண்டும் சோதித்தார்கள். கோபப்பட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும், பெரியவர் எல்லாரையும் போல வரிசையில் நின்றார். விலக்குப் பட்டியலுக்காகக் குரல் எழுப்பியவர்கள், சிறுநீர் சேகரிக்கும் பை பொருத்திய நோயாளிக்காக அவ்வளவு உரக்கப் பேசவில்லை. 2010-இல் புற்றுநோயிலிருந்து மீண்ட ஓர் அமெரிக்க முதியவர், அப்படிப்பட்ட பை கசிந்து ஆடை நனைந்த நிலையிலேயே விமானம் ஏற நேர்ந்தது. சோதித்தவர்கள் அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. சோதனைத் துறைத் தலைவர் பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

மறைக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும் என்று இங்கே ஒரு நண்பர் கேட்டார். அந்த முதியவரிடம் மறைக்க இருந்தது தம் நோய் மட்டுமே.

பயணிகள் கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. தொட்டுச் சோதிப்பதென்றால் திரை வேண்டும். அது கேட்பவருக்கு மட்டும் என்றில்லாமல் எல்லாருக்கும் இருக்க வேண்டும். கருவி ஒலித்ததா, உடை பிடிக்கவில்லையா என்பதைச் சோதிப்பவர் சொல்ல வேண்டும். தேவை முடிந்த விதியை எடுத்துவிட வேண்டும். எடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2017-இல் திறந்த சாங்கி நான்காம் முனையத்தில் புதிய ஸ்கேனர் வந்ததும் மடிக்கணினியைப் பையிலிருந்து எடுக்கத் தேவையில்லாமல் போனது. 2025 ஜூலையில் அமெரிக்கா காலணி விதியைக் கைவிட்டது. அதே ஆண்டு எடின்பரோ விமான நிலையம் 2 லிட்டர் வரையிலான திரவத்தைக் கைப்பையில் அனுமதித்தது. ஊறுகாய்ப் புட்டிகளுக்கும் நல்ல காலம் வரக்கூடும்.