பூ கொடுத்துப் பூ எடுக்கும் சபை



குளிர்காலம் முடிந்து பூக்கள் மலரும் பருவத்தில், பல நாடுகளிலுள்ள, யூனிட்டேரியன் என்ற சமயப் பிரிவின் சபைகளில் ஓர் அழகான வழிபாடு நடக்கும். வருகிறவர்கள் ஆளுக்கொரு பூ கொண்டுவந்து, பொதுவான ஜாடியில் வைப்பார்கள். தோட்டத்து ரோஜாவானாலும் சரி, சாலையோரக் காட்டுப்பூவானாலும் சரி. வழிபாடு முடிந்து புறப்படும்போது, வேறொருவர் வைத்த பூவை எடுத்துச் செல்வார்கள்.

இதை 1923 ஜூனில் பிராக் நகரில் தொடங்கியவர் நார்பர்ட் சாப்பெக் என்ற போதகர். அவருடைய சபையில் பலர் பழைய திருச்சபைகளை விட்டு வந்தவர்கள். அங்கே வழிபாட்டில் பகிர்ந்துகொள்ளும் அப்பமும் திராட்சை ரசமும் அவர்கள் மனதுக்கு ஒட்டவில்லை. எல்லோரும் மனமொப்பிக் கலந்துகொள்ள ஒரு சடங்கு வேண்டுமே என்று யோசித்தார். பூவைத் தேர்ந்தெடுத்தார்.

பூவை வைப்பது, "என் விருப்பத்தோடு உங்களில் ஒருவராகிறேன்" என்ற உறுதி. இன்னொருவர் பூவை எடுப்பது, "யார் கொடுத்தது என்று பாராமல் ஏற்கிறேன்" என்ற உறுதி.

சாப்பெக்கை 1941-இல் நாஜிகள் கைது செய்தார்கள், 1942-இல் கொன்றார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1940-இல், அவர் மனைவி மாயா இந்த வழிபாட்டை அமெரிக்காவுக்குக் கொண்டுபோயிருந்தார். இன்றும் அது ஆண்டுதோறும் தொடர்கிறது.

ஒரே நம்பிக்கை இருந்தால்தான் ஒன்றுகூட முடியும் என்பதில்லை. தன்னால் முடிந்ததைக் கொடுக்கவும், அடுத்தவர் கொடுப்பதை மதித்து ஏற்கவும் மனமிருந்தால் போதும். எந்த ஊரும் ஒற்றுமையாக வாழும்.