தொலைவிலிருந்து பணி: போர்ட் பிளேர் யாருக்குத் தகுந்த நகரம்?

(கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அந்தமானைப் பிரிட்டிஷ் ஆட்சி தண்டனைக் குடியிருப்பாகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் தொலைவு. செல்லுலார் சிறையில் 1933இல் மூன்று தோழர்களின் உயிரைப் பறித்த உண்ணாவிரதத்தின் கோரிக்கைகளில் படிப்பதற்கான வசதியும் ஒன்று. அதே சிறைக்குள் 1935இல் கம்யூனிஸ்டுகளின் அமைப்பு உருவானது. தண்டனையாக இருந்த அந்தத் தொலைவு இன்று விற்பனைச் சரக்காகியிருக்கிறது. அலுவலகம் செல்லாமல் மடிக்கணினி வழியே பணிபுரிவோர் குடியேறத் தகுந்த நகரங்களைத் தரம்பிரிக்கும் தொழிலே உலகில் வளர்ந்துள்ளது. இணைய வேகம், வீட்டு வாடகை, தட்பவெப்பம், பாதுகாப்பு ஆகியவை அதன் அளவுகோல்கள். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரை இந்த அளவுகோல்களால் அளந்து பார்ப்பது பயனுள்ள பயிற்சி. (பெயர் மாற்றத்திற்குச் சோழர் கடற்படை காரணமாகச் சொல்லப்பட்டது. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் இடம்பெறுவது உண்மையே. ஆனால் குழாயில் நீர் வருவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.)

முதலில் இணையம். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையிலான கடலடிக் கண்ணாடி இழை வடம் செயல்பாட்டிற்கு வந்தது. லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட மேலும் ஏழு தீவுகளையும் அது இணைக்கிறது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். அதற்கு முன்பு தீவுகள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. ஒரு விண்ணப்பப் படிவத்தை இணையத்தில் நிரப்புவதே பெரும்பாடு. இந்த மாற்றம் உண்மையானது. அதை மறுப்பது அரசியலாகாது. ஆனால் அதைச் சாதித்தது எது? நாடு தழுவிய தொலைத்தொடர்புச் சேவைக்கான பொது நிதியும், பொதுத்துறையான பி.எஸ்.என்.எல். நிறுவனமுமே. நான்கு லட்சத்தை எட்டாத மக்கள்தொகைக்காக (2011 கணக்கெடுப்பில் 3,80,581) கடலடியில் வடம் இடுவது இலாபக் கணக்கில் வராது. வடம் வந்த பின்பே தனியார் நிறுவனங்கள் தங்கள் வேகத்தை விளம்பரப்படுத்தின. அதே 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் சுமார் 78,000 பேர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேற்றப்பட்டனர். வடம் பழுதுபட்டால் அதைச் சீர்செய்யப் போதிய ஆட்கள் வேண்டும் என்பதைத் தரப்பட்டியல்கள் கேட்பதில்லை.

இரண்டாவது மின்சாரம். தீவுகள் தேசிய மின்தொகுப்புடன் இணைக்கப்படவில்லை. கப்பலில் வரும் டீசலை எரித்தே பெரும்பகுதி மின்சாரம் உற்பத்தியாகிறது. நெய்வேலியின் பொதுத்துறை நிறுவனம் போர்ட் பிளேரில் அமைத்த 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் நல்ல தொடக்கம். ஆயினும் டீசலின் பிடி விடவில்லை.

மூன்றாவது குடிநீர். நகரின் முதன்மையான நீராதாரம் தனிக்காரி அணை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் ஊரில், கோடை வந்தால் நீர் முறைவைத்து விடப்படுகிறது. குடத்துடன் குழாயடியில் காத்திருக்கும் பெண்ணின் நேரத்திற்கு எந்தத் தரப்பட்டியலிலும் மதிப்பெண் கிடையாது. வெளியிலிருந்து வருபவர் தங்கும் விடுதிக்கு லாரி நீர் வந்துவிடும். அவர் தரும் மதிப்பெண் உயர்ந்தே இருக்கும்.

கடிகாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைச் சார்ந்தது. போர்ட் பிளேர் அதற்குப் பத்துப் பாகை கிழக்கே இருக்கிறது. எனவே சூரியன் இங்கு நாற்பது நிமிடம் முந்துகிறான். கார்த்திகையில் மாலை ஐந்து மணி சற்றுக் கடந்ததும் இருட்டிவிடும். பெங்களூர் நிறுவனத்தின் காலை பத்து முதல் இரவு ஏழு வரையிலான வேலைநேரத்தை இங்கிருந்து செய்பவர், விளம்பரத்தில் கண்ட கடற்கரை மாலையைப் பெரும்பாலும் காணமாட்டார்.

மேலும், உயர் சிகிச்சை தேவைப்படும் நோயாளியை 1,200 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ கொண்டு செல்ல வேண்டும். விமானம் இரண்டு மணி நேரம். கப்பல் மூன்று நாள். விமானக் கட்டணத்தைத் தாங்க முடியாதவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சனை.

இந்த நகரை வாழத் தகுந்ததாக வைத்திருப்பவர்கள் யார்? சட்டமன்றமே இல்லாத இந்த ஒன்றியப் பகுதியில், நிர்வாகத்தின் துறைகளில் ஆயிரக்கணக்கான அன்றாடக் கூலி மஸ்தூர்கள் பணிபுரிகின்றனர். உயர்த்தப்பட்ட ஊதியத்திற்கும் அகவிலைப்படிக்கும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. நீதிமன்ற ஆணை நிறைவேற்றப்படாததால் 2023 ஆகஸ்டில் கல்கத்தா உயர் நீதிமன்ற அமர்வு தலைமைச் செயலாளரைப் பணியிடைநீக்கம் செய்தது. துணைநிலை ஆளுநருக்கு ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவை நிறுத்திவைத்தது.

கேனரி தீவுகளில் 2024 ஏப்ரல் 20 அன்று பல்லாயிரக்கணக்கான மக்கள் வீதியில் இறங்கினர். வெளியாரின் வருகையை நம்பிய பொருளாதாரத்தில் தங்கள் சொந்த ஊரிலேயே வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை என்பது அவர்களது குமுறல்.

எனவே இவ்வகைப் பணியையே எதிர்க்க வேண்டும் என்று முடிவுகட்டுவது அவசரம். தீவுகளில் பிறந்து, தமிழும் வங்கமும் இந்தியும் தெலுங்கும் பேசி வளரும் இளைஞர்கள், படிப்பு முடிந்ததும் கப்பலேறிச் சென்னையிலோ பெங்களூரிலோ அறை தேட வேண்டியிருக்கிறது. பெற்றோரின் அருகிலிருந்தே பணிபுரிய வாய்ப்புக் கிடைத்தால் அது அவர்களுக்கு மெய்யான ஆதாயம். அந்த வேலை எந்த நிபந்தனையில் வருகிறது என்பதே கேள்வி.

வீட்டிலிருந்து உழைப்பது தமிழகத்திற்குப் புதிதன்று. நெல்லை மாவட்டத்தில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் பல தலைமுறைகளாக அதைத்தான் செய்கின்றனர். வாடகை, விளக்கு, இருக்கை அனைத்தும் தொழிலாளியின் செலவு. இலாபம் மட்டும் முதலாளியுடையது. இத்தகைய நவீன வீட்டுத் தொழிலை ஆலையின் வெளிப் பிரிவாகவே மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் காண்கிறார். போராட்டங்களின் விளைவாக 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளியாக ஏற்றது. அவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி உண்டு என்று 1985இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அச்சட்டமும் இப்போது நான்கு தொகுப்புகளுள் ஒன்றில் கரைக்கப்பட்டுவிட்டது.

மடிக்கணினித் தொழிலாளிக்கு அந்த அளவு பாதுகாப்பும் இல்லை. 2020 டிசம்பர் இறுதியில் ஒன்றிய அரசு வெளியிட்ட சேவைத்துறைக்கான மாதிரி நிலையாணை வரைவு, முதலாளி விரும்பினால் வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதிக்கலாம் என்கிறது. எவ்வளவு காலம் என்பதையும் முதலாளியே தீர்மானிப்பார். வீட்டு வேலை குறித்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1996ஆம் ஆண்டு 177ஆவது உடன்படிக்கையை இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை. வேலைநேரம் முடிந்தபின் நிறுவனத்தின் அழைப்பை ஏற்காதிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இங்கு அது இன்னும் சட்டமாகவில்லை.

போர்ட் பிளேரில் மின்தடை ஏற்பட்டு இரண்டு மணி நேரம் இணைப்பு அறுந்தால், அந்த இரண்டு மணி நேரக் கூலி யாருடைய கணக்கில் கழிக்கப்படும்? இவ்வகைப் பணியிலிருக்கும் தீவு இளைஞர்களைச் சந்திக்கும் தோழர்கள் முதலில் கேட்க வேண்டியது இதையே. பணி ஒப்பந்தத்தில் அதற்கான விதி எழுத்தில் உள்ளதா, மின்கட்டணத்தையும் இணையக் கட்டணத்தையும் நிறுவனம் ஈடுசெய்கிறதா, வைப்பு நிதி பிடிக்கப்படுகிறதா என்பவற்றை விசாரித்துக் குறித்துக்கொள்ளலாம். வெவ்வேறு நிறுவனங்களுக்குத் தனித்தனி அறைகளில் உழைப்பவர்களைச் சங்கத்திற்குள் கொண்டுவரும் வேலை அந்த விசாரணையிலிருந்துதான் தொடங்கும்.