பட்டுக்கோழி

கோழி என்றவுடன் நம்மிற் பெரும்பாலாருடைய நினைவுக்கு வருவன இரண்டு: ஒன்று முட்டை, மற்றையது இறைச்சி. இவ்விரண்டையும் முதன்மையாகக் கருதாது, அழகுக்காகவும் அன்புக்காகவும் வீட்டு வளவில் வளர்க்கப்படும் கோழியினம் ஒன்றைப் பற்றியே இன்று நேயர்களுடன் பேச எண்ணுகின்றேன். ஆங்கிலத்திற் சில்க்கி என வழங்கும் அதனைத் தமிழிற் பட்டுக்கோழி என்றழைத்தல் பொருந்தும். அலங்காரக் கோழி வளர்ப்போரிடம் அதனைக் காண்பவர், கைநீட்டி ஒருமுறை தடவிப் பார்க்காமல் அப்பாற் செல்வது அரிது. அம் மென்மையில் மயங்கி வாங்கிச் செல்வோர் அதன் தேவைகளையும் அறிந்தே வாங்குகின்றனர் என்று சொல்வதற்கில்லை.

இதன் தாயகம் சீனம் என்று கொள்வர். 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டிலிருந்து மீண்ட மார்க்கோ போலோ, பூனையைப் போன்று மயிருடைய கரிய கோழிகள் அங்கு உண்டெனவும், அவை நல்ல முட்டையிடுவன எனவும் தம் பயண நூலிற் கூறினார். நமது தீவைப் பற்றியும் பல விந்தைகளை எழுதிச் சென்றவர் அவர். ஆதலின், மயிர் முளைத்த கோழி என்றபோது ஐரோப்பியர் நகைத்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆயினும், இச்செய்தி பொய்யன்று. சீனர் இதனைக் கரிய எலும்புக் கோழி என்பர். தோலும் எலும்பும் உண்மையிலேயே கருமை. வெண்பட்டுப் போன்ற தூவியை விலக்கிப் பார்த்தால், உள்ளே நீலம் பாய்ந்த கரிய தோல் தோன்றும். மகப்பேற்றின் பின் தாய்மாருக்கு இதன் இறைச்சிச் சாறு கொடுப்பது சீனரின் பழைய வழக்கம். ஜியாங்சி மாகாணத்துத் தைஹே என்னும் இடம் இக்கோழிக்குப் பெயர் பெற்றது.

மயிர்போலத் தோன்றும் அது இறகேயாகும். பிற கோழிகளின் இறகில் நடுத்தண்டின் இருபுறமும் இழைகள் உண்டு. அவ்விழைகளைக் கண்ணுக்குப் புலனாகாத சிறு கொக்கிகள் ஒன்றோடொன்று பிணைத்து ஒரு தகடுபோல் ஆக்கிவிடும். பட்டுக்கோழிக்கு அக்கொக்கிகள் இல்லை. ஆகவே, இழைகள் பஞ்சுபோற் பிரிந்து நிற்கின்றன. கால்விரலும் நான்கன்று, ஐந்து. மெண்டலின் விதியைக் கற்கும் மாணவருக்கு இதைவிட இனிய பாடம் வேறில்லை. இதனைச் சாதாரண கோழியோடு கலந்தால் முதற் தலைமுறைக் குஞ்சுகளில் பட்டு இறகு தோன்றாது. அக்குஞ்சுகள் வளர்ந்து தம்முட் கலக்கும்போது, பேரக்குஞ்சுகளில் ஏறக்குறையக் காற்பங்கில் அது மீண்டும் தலைகாட்டும். இதன் கருநிறம் தலைமுறைகளில் இறங்கும் முறையைப் பேட்சன், பன்னட் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் ஆராய்ந்து 1911 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

கொக்கியில்லாத அவ்விறகே இதன் அழகு. அதுவே இதன் துன்பத்திற்கும் காரணம். அவ்விறகு காற்றைத் தாங்காது. ஆதலாற் கோழி பறக்க மாட்டாது. நீரையும் தடுக்காது, ஆதலால் ஒரு மழையிலேயே தோல்வரை நனைந்து குளிரில் ஒடுங்கிவிடும். நம் நாட்டுக் கோழி மாமரக் கிளையிலேறித் துயிலும். இதுவோ தரையில் ஒரு மூலையில் முடங்கும். எனவே, கூட்டின் தளம் நிலத்தினின்று உயர்ந்திருத்தல் வேண்டும். ஏறுவதற்குச் சரிவான பலகை வேண்டும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் உமி அல்லது மரத்தூள் பரப்பி, ஈரமானதும் மாற்ற வேண்டும். நனைந்துவிட்ட கோழியைத் துணியால் ஒற்றி, காற்றுப்படாத வெப்பமான இடத்தில் உலரவிடுக. கீரியும் மரநாயும் புகாதபடி கம்பிவலையைக் கீழ்வரை இறுக அடித்தல் இன்றியமையாதது.

தலைக்கொண்டை பெரிதாக இருப்பதையே சிலர் உயர்வாக எண்ணுகின்றனர். கண்காட்சிக்கு அது சிறப்பாகலாம். கோழிக்கு அது திரை. மேலே வட்டமிடும் பருந்தையும் அது காணாது, பக்கத்திலுள்ள தீனையும் காணாது. கண்ணைச் சுற்றியுள்ள தூவியைச் சிறிது கத்தரித்துவிடுதல் இரக்கமுள்ள செயல். மேலும், இவ்வினத்திற் சிலவற்றின் மண்டையோடு உச்சியிற் புடைத்து, முழுதும் மூடாதிருக்கும். வேறொரு கோழி கொத்தினால் மூளைக்கே ஊறு நேரலாம். ஆகையாற் சண்டைக்காரச் சேவல்களுடன் இதனை விடுதல் தகாது.

உணவிற் பெரிய வேறுபாடில்லை. குஞ்சுக்குக் குஞ்சுத்தீன், முட்டையிடும் பேட்டுக்கு அதற்குரிய தீனும், தனிக் கிண்ணத்திற் சிப்பித்தூளும், கீரையும். இறகு மூடிய காலிற் செதிலுக்கடியிற் பூச்சி புகுந்தால் நெடுநாள் வெளித்தெரியாது. மாதத்திற் சில தடவை தூவியை விலக்கிப் பார்க்க வேண்டும். பேனைத் தடுக்க அது புழுதி குளிக்க உலர்ந்த மணற்குழி ஒன்று வேண்டும். இராணிக்கேத்து நோய், அம்மை, மாரெக் நோய் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி உண்டு. மிருக வைத்தியரைக் கேட்டு உரிய வயதிற் போடுவித்தல் நலம். மாரெக் நோய்க்குரியது குஞ்சு பொரித்த முதல் நாளிலேயே போடப்படுவது; எனவே, வாங்கும்போதே விற்பவரிடம் விசாரித்துக் கொள்ளுங்கள். குஞ்சு சேவலா பேடா என்று ஐந்து, ஆறு மாதம்வரை துணிந்து கூறல் கடினம். விடியுமுன் கூவுவது கேட்டுத்தான் பல வீட்டார் அறிகின்றனர். அயலாரும் அப்போதே அறிகின்றனர்.

இனி, அடைகாத்தல். ஓராண்டில் நூறு முட்டையளவே இடும் இக்கோழி, சில முட்டை இட்டதும் அடைக்கு அமர்ந்துவிடும். தன் முட்டையென்றும் பிறிதின் முட்டையென்றும் பாராது. வாத்து, வான்கோழி, காடை முதலியவற்றின் முட்டைகளைப் பொரிப்பிக்கப் பல நாடுகளில் இதனையே தேடுவர். கோழிக்குஞ்சு வெளிவர 21 நாள். வாத்துக்கு 28 நாள். அந்த மேலதிக ஒரு வாரத்தையும் அது பொறுத்திருக்கும். பொரித்த வாத்துக்குஞ்சுகள் நீரைக் கண்டு இறங்கிவிட, இத்தாய் கரையில் நின்று கதறி அலைவது காண்போரைச் சிரிக்கவும் வைக்கும், இரங்கவும் வைக்கும்.

ஆனால், கீழே முட்டையே இல்லாதபோதும் அது அமர்ந்திருக்கும் என்பதே கவலைக்குரியது. நாளுக்கு ஒருமுறை மட்டும் எழுந்து சிறிது தின்று நீரருந்தி மீளும். சிலவேளை அதற்கும் எழாது. வாரக்கணக்கில் இவ்வாறிருந்து எலும்பெடுத்துப் பேன் மொய்த்து இறந்த பேடுகளும் உண்டு. தூவி அடர்ந்திருப்பதால் மெலிவு கண்ணுக்குத் தெரியாது. மார்பெலும்பைத் தடவித்தான் அறியலாம். குஞ்சு வேண்டுமாயிற் கருவுள்ள முட்டைகளை உடனே வைத்து, தீனும் நீரும் அருகிற் கொடுங்கள். வேண்டாவிட்டால் அடையைத் தெளிவிக்க வேண்டும். சில வீடுகளிற் கோழியைத் தண்ணீரில் அமுக்கி எடுக்கும் பழக்கம் உண்டு. பட்டுக்கோழிக்கு அதனை ஒருபோதும் செய்யற்க. அடிப்புறம் கம்பிவலையான கூட்டில், வைக்கோல் இன்றி, நிழலில், தீனும் நீரும் வைத்து விடுக. வயிற்றின் கீழ்க் காற்றுப்பட்டுச் சூடு தணிய, பெரும்பாலும் சில நாட்களிலேயே அது எழுந்து மற்றவற்றோடு மேயத் தொடங்கும்.