பத்திரத்தின் தலைப்பைப் படிங்க
(வண்ணார்பேட்டையில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



இங்கிருந்து கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் பக்கந்தான். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள். அங்கேதான் ஒரு கூலித் தொழிலாளி, அவர் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் தீயில் கருகினார்கள். நாலு பேருமே பிழைக்கவில்லை. வாங்கியது 1,45,000 ரூபாய். கட்டியது 2,34,000. இன்னும் கட்டு என்று நெருக்கினார்களாம். பலமுறை மனு கொடுத்தும் பார்த்திருந்தார்கள்.

கட்டக் கட்ட அசல் எப்படி நிற்கும்? பத்து வட்டிக்கு ஒரு லட்சம் என்றால் முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 90,000தான் கையில் தருவார்கள். மாதம் 10,000 கட்டினால் பத்து மாதத்தில் ஒரு லட்சம் போயாச்சு. அசலில் ஒரு பைசா குறையாது. ஒரு மாதம் தவறினால் வட்டிக்கு வட்டி. அதை அடைக்க இன்னொரு கடன். ‘தவணை தவறினவ’ என்று ஒருத்தியை லேசாகப் பேசிவிடுகிறோம். இந்தக் கணக்கில் யார்தான் தவறாமல் கட்ட முடியும்?

நம்ம குழு அக்கா ஒருத்தர், மகள் பிரசவத்துக்கு வீட்டை வைத்து வாங்கினார். ‘வெறும் கையெழுத்துதான்க்கா, துட்டைக் குடுத்தா ரத்து பண்ணிருவேன்’னு சொல்லியிருக்கிறார் கொடுத்தவர். பிறகு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். அடமானம் இல்லை, கிரையம்! சார்பதிவாளர் முன்னாடி அக்காவே கைரேகை வைத்திருக்கிறார். அடமானம் என்றால் சொத்து நம்முடையது, பணத்தைக் கட்டி மீட்கலாம். கிரையம் என்றால் விற்றாச்சு. கடனுக்குத்தான் எழுதினேன் என்று நாம்தான் கோர்ட்டில் நிரூபிக்கணும். வட்டி கட்டினதுக்கு அக்காவிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பவர் பத்திரமும் லேசுப்பட்டதில்லை, பார்த்துக்கோங்க.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்த அக்கா முதலில் எங்களிடம்தான் உள்கடன் கேட்டார். முறை வரவில்லை என்று திருப்பி அனுப்பினோம்.

2003 கந்துவட்டித் தடைச் சட்டப்படி மூன்று வருடம் வரை ஜெயில் உண்டு. நியாயமான பாக்கியைக் கோர்ட்டில் கட்டிவிட்டு மனுப் போடவும் வழி இருக்கு. பேங்க், பைனான்ஸ் கம்பெனி என்றால் 2002 சட்டப்படி, வீட்டைக் கைப்பற்றுமுன் 60 நாள் நோட்டீஸ் தரணும். விவசாய நிலத்தை அந்தச் சட்டத்தில் எடுக்க முடியாது. நோட்டீஸ் வந்தால் வீட்டுக்காரருக்குப் பயந்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்காதீங்க, அந்த 60 நாளும் ஓடிக்கொண்டே இருக்கும்.

பத்திரம் வெளியே இருக்கிறவங்க அடுத்த கூட்டத்துக்கு நகலும் வில்லங்கமும் கொண்டு வாங்க. சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.