யவனர் உணவுச்சாலையில் கல்முனை விருந்தாளி

கல்முனைக் கரையில் விருந்துக்கு ஆட்கணக்கு எடுப்போர் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. ஆறு ஆறாகவே எண்ணுவர். ஒரு சஹனைச் சுற்றி அறுவர் அமர்ந்து உண்பது அங்கு வழக்கம். 30 பேர் வருவரெனின் 5 சஹன் போதும். 32 பேர் வந்துவிட்டால் வீட்டுக்காரருக்குத் தலையிடி தொடங்கிவிடும். ஆதலால் மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் அக்கரையோர ஊர்களிலே, அடுப்பு மூட்டுவதற்கு நெடுநேரம் முன்னரே விருந்து தொடங்கிவிடுகிறது. யார் யார் வருவர், யாரோடு யாரை இருத்துவது என்ற யோசனையே அதன் தொடக்கம். புதுமாப்பிள்ளையின் சஹனில் அமரத் தக்கவர் யாவர் என்பதைப் பெரியவர்கள் கூடியிருந்து தீர்மானிப்பதும் உண்டு. மணமான ஆண் மனைவியின் வீட்டிலே குடியிருப்பது இப்பகுதியின் நெடுங்கால வழக்கமாதலின், அவன் அந்த வீட்டுக்குப் புதியவன்; அவனை அறிந்தவர்களும் அவனுக்கு இசைந்தவர்களும் அருகில் இருந்தால்தான் கூச்சமின்றிக் கை நீட்டுவான்.

விருந்து என்ற சொல்லுக்கே பழந்தமிழில் புதுமை என்பது பொருள். புதிதாய் வந்தவரே விருந்தினர். கிரேக்க மொழியிலும் இதற்கு நிகரான ஒரு சொல் உண்டு. 'க்ஸெனோஸ்' என்பது அந்நியனையும் குறிக்கும், விருந்தாளியையும் குறிக்கும். உணவுச்சாலைக்கு அம்மொழியில் வழங்கும் பெயர் 'எஸ்தியாத்தோரியோ'. அது 'எஸ்தியா' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. எஸ்தியா என்றால் வீட்டின் அடுப்படி. கடையிலே உண்டாலும் ஒரு வீட்டின் அடுப்படிக்கு வந்தவன் என்ற எண்ணம் அப்பெயரில் தங்கியிருக்கிறது.

கல்முனையில் உள்ள சாப்பாட்டுக்கடைக்குச் செல்ல எவருக்கும் யோசனை வேண்டியதில்லை. பசித்தவர் நுழைவார், சோறோ, கொத்து ரொட்டியோ உண்பார், தேநீர் பருகி எழுந்துவிடுவார். இறைச்சி எவ்வாறு அறுக்கப்பட்டது, குழம்பில் என்ன ஊற்றப்பட்டது என்று கேட்பாரில்லை. ஊர் முழுவதும் ஒரே ஒழுங்கில் இயங்குவதால் அக்கேள்விக்கே இடமில்லாது போயிற்று. இது பெரும் வசதிதான். ஆனால் இவ்வசதியிலே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கேட்கும் பழக்கம் நாவில் ஏறுவதில்லை. கடல் கடந்து சென்ற பின்னரே அக்குறை தெரிகிறது.

மெல்பேர்ண் நகரை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கு குடியேறிய கிரேக்கரும் அவர்தம் வழிவந்தோரும் பெருந்தொகையினர். ஓக்லீ என்னும் புறநகரில் அவர்களுடைய உணவுச்சாலைகள் நெருங்கி நிற்கின்றன. அந்நகரில் கற்கவோ உழைக்கவோ சென்ற கிழக்கிலங்கை இளைஞன் ஒருவனை, உடன் பணிபுரியும் கிரேக்கர் அன்புடன் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவன் ஏதோ ஒரு சாட்டுச் சொல்லித் தவிர்த்துவிடக்கூடும்; அல்லது சென்று அமர்ந்து, வெறும் ரொட்டியைப் பிய்த்துத் தின்று, தண்ணீர் பருகி வந்துவிடக்கூடும். முதலாவதில், தம்மை வேண்டாதவன் என்று அழைத்தவர் எண்ணுவார். இரண்டாவது அதனினும் கொடிது. விருந்தாளியின் தட்டு வெறுமையாயிருக்க, மேசையில் உள்ள அனைவருக்கும் உணவு கசக்கும். இரண்டு நாள் முன்னரே வாய் திறந்து கேட்டிருந்தால் இரண்டும் நேர்ந்திரா. கேட்பது மரியாதைக் குறைவென்று அவன் அஞ்சுகிறான். அந்த அச்சமே மரியாதையைக் கெடுக்கிறது.

கிரேக்கச் சமையற்காரருக்கு இக்கேள்வி புதியதும் அன்று. கிரேக்கரிற் பெரும்பாலோர் சார்ந்த கிழக்குத் திருச்சபையிலும் நோன்புக் காலங்கள் உண்டு. உயிர்த்த ஞாயிறுக்கு முற்பட்ட 40 நாட்களும் அதையடுத்த பெருவாரமும் இறைச்சி, பால், முட்டை எதுவும் ஆகா. மீனும் சில திருநாட்களுக்கே உரியது. ஆயினும் இறால், கணவாய் போன்றவை இரத்தமற்றவை என்று கருதி விடப்பட்டுள்ளன. இக்காலத்துக்கென்றே 'நிஸ்திசிமா' எனப்படும் உணவு வகைகள் பல உள்ளன. அவை ஆண்டு முழுவதும் கிடைப்பனவும் ஆம். ரமழானை அறிந்த விருந்தாளி, 'உங்கள் நோன்புக்கால உணவில் எவை உண்டு?' என்று கேட்பானாயின், கேட்ட அளவிலேயே இருவருக்கும் இடையில் ஒரு நெருக்கம் உண்டாகும்.

அதற்கு வரும் விடையும் சிறியதாயிராது. தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய வெள்ளை அவரை, எலுமிச்சம்புளியும் ஒலிவ எண்ணெயும் பெய்த கீரை, கீரையோடு சேர்த்துச் சமைத்த சோறு, திராட்சை இலையிலே அரிசி பொதிந்த தோல்மா ஆகியவை வரும். தணலில் வாட்டிய கணவாயும், எட்டுக் கைகளையுடைய சாக்குக் கணவாயும் வரும். கடல்வாழ் உயிர்களைப் பொறுத்தவரை ஷாபிஈ மத்ஹபினராகிய இலங்கை முஸ்லிம்களுக்குத் தடை பெரிதும் இல்லை. நோன்பில்லாத நாளாயின், தயிரில் வெள்ளரிக்காயும் உள்ளியும் கலந்த 'ஸஸீக்கி' மேசைக்கு வரும். மட்டக்களப்புத் தயிரைச் சுவைத்தறிந்த நாவுக்கு அது அந்நியமாய்த் தோன்றாது. பெயர்களிலும் உறவுண்டு. கிரேக்கரின் 'கெஃப்தேதெஸ்', துருக்கியரின் 'கொஃப்தே', இந்நாட்டு விருந்துகளில் வரும் கோப்தா ஆகிய மூன்றும் பாரசீகச் சொல் ஒன்றின் வழித்தோன்றல்களே.

கவனிக்க வேண்டியனவும் உள. கிரேக்க நாட்டிலே கம்பியிற் கோத்துச் சுடும் சுவ்லாக்கியும், சுழற்றிச் சுடும் கீரோஸும் பெரும்பாலும் பன்றியிறைச்சியால் ஆனவை. மெல்பேர்ண் போன்ற நகரங்களில் ஆடும் கோழியும் மிகுதி. ஆனால் அவை முறைப்படி அறுக்கப்பட்டனவா என்பது தனிக் கேள்வி. சாக்குக் கணவாயைத் திராட்சை மதுவில் வேகவைப்பாரும் உண்டு. ஆதலின் 'இறைச்சி இல்லை' என்ற விடை மட்டும் போதாது. மதுவைப் பற்றியும் கேட்க வேண்டும். யவனர் கொணர்ந்த மதுவைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள் என்றால், அவ்வுறவு எத்துணைப் பழமையானது என்பதை நேயர்கள் உணரலாம். மது பரிமாறப்படும் மேசையில் அமர்வதே ஆகாது என்று பேணுவோர், அதனையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நன்று. நண்பர்கள் ஒரு வேளை மதுவின்றி உண்பதற்கு இசையாதவர்கள் அல்லர். இசையாவிட்டாலும், தேநீருக்கு வேறொரு நாளை அவர்கள் குறிக்கலாம்.

நேரமும் ஆட்கணக்கும் எஞ்சியுள்ளன. கிரேக்கர் இரவுணவுக்கு 9 மணிக்குப் பின்னரே அமர்வது வழக்கம்; இஷாவை முடித்துச் செல்பவனுக்கு இது வாய்ப்பாகவே அமையும். எத்தனை பேர் என்பதைக் கடைக்காரருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ஏனெனில், உணவு ஆளுக்கொரு தட்டாக வருவதில்லை. சிறு சிறு தட்டுகள் நடுவில் வைக்கப்பட, எல்லோரும் அவற்றிலிருந்தே எடுத்து உண்பர். சஹனில் தன் முன்னுள்ள பக்கத்திலிருந்தே உண்ண வேண்டும் என்று சிறுவயதில் கற்றவனுக்கு அங்கு ஒழுக்கம் கற்பிக்க வேண்டியதில்லை. மீன் வேண்டுமாயின், பல கடைகளில் அது நிறைக்கேற்ப விலையிடப்படும். சமைக்குமுன் மீனைக் காட்டச் சொல்லி, நிறுத்து, விலையறிந்துகொள்வது எவருக்கும் குறையன்று. கல்முனைச் சந்தையில் பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குபவனுக்கு இதைச் சொல்லித் தருவானேன்?

உண்டு முடிந்தபின், பழமோ இனிப்போ கடைக்காரர் தாமாகவே கொண்டுவந்து வைப்பதுண்டு. அதற்கு விலை இல்லை. 'கெராஸ்மா' என்று பெயர். வட்டிலப்பம் வைத்து விருந்தை முடிக்கும் ஊரிலிருந்து வந்தவன் அதனை மறுக்கமாட்டான். சில கடைகளில் அவ்விடத்தில் சிறு கிண்ணத்தில் மது வருவதும் உண்டு. முன்னரே சொல்லி வைத்திருந்தால், அக்கிண்ணத்துக்குப் பதிலாக நறுக்கிய முலாம்பழம் வந்து சேரும்.